தொப்பியைத் தொட்ட கை

எங்கள் ஆற்றோர லீக்கில் வருஷா வருஷம் ஒரு மேனேஜருக்கு விருது கொடுப்போம். மேனேஜர் என்றால் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. பேஸ்பால் மைதானத்தில் பசங்களை ஆட்டிவைக்கிற ஆள். யார் பந்து வீசுவது, யாரை உட்கார வைப்பது, யார் கை ஓய்ந்துவிட்டது என்று பார்த்து முடிவெடுப்பது எல்லாம் அவர் தலையில்தான். ஜெயித்தால் பசங்கள் ஜெயித்தார்கள் என்பார்கள். தோற்றால் மேனேஜர் தோற்றார் என்பார்கள்.

விருது என்பது ஒரு சின்ன மரப்பலகை. மேலே ஒரு பித்தளைத் தகடு, அதில் பெயர். அவ்வளவுதான். ஆனால் அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதற்குள் எங்கள் ஊர் கீட்டன் ஃபெரியில் மூன்று பேருடைய ரத்த அழுத்தம் ஏறி இறங்கிவிடும்.

அந்த மூன்று பேரில் ஒருவன் மெர்ல் ஆஸ்கூட், உள்ளூர் வானொலியில் ஆட்டத்தை வர்ணிக்கிறவன். நாற்காலி நகர்ந்த சத்தத்தைக்கூட உருக்கமாகச் சொல்லத் தெரிந்தவன். இரண்டாவது கஸ் பெட்ராகிஸ், பத்திரிகைக்காரன். எதையும் உருக்கமாகச் சொன்னால் அவனுக்கு வயிற்றைப் புரட்டும். மூன்றாவது லோர்னா டீகன், எங்கள் மைதானத்தின் அதிகாரபூர்வ ஸ்கோரர். பந்தை ஒருத்தன் நன்றாக அடித்தானா, இல்லை தடுக்கவேண்டியவன் கோட்டை விட்டானா என்று மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது அவள்தான். நான் லீக்கின் காரியதரிசி. பெயர் ஹார்லன், தொழில் இன்ஷூரன்ஸ். எனக்கு ஓட்டு கிடையாது. கூட்டத்தைக் கூட்டி, முடிவைக் கேட்டு, ஜெயித்தவருக்குப் போன் போட்டுச் சொல்வதோடு என் வேலை முடிந்தது.

அந்த வருஷம் நவம்பரில் வழக்கம்போல பெர்னடீன் ஓட்டலின் பின்னறையில் கூடினோம். காலையிலேயே ஓட்டல் ஹீட்டர் படுத்துவிட்டது. ஆற்றிலிருந்து வருகிற காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் கோட்டு, மப்ளர், தொப்பி சகிதம் உட்கார்ந்து, பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கையுறையோடு பிடித்துத் தின்றோம்.

"ஆள் வந்திருக்கு, கீழே பாத்துட்டு இருக்கு. கொஞ்ச நேரத்துல சூடு வந்துடும்" என்று சொல்லி பெர்னடீன் காப்பி ஊற்றினாள். சொல்லும்போதே அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. குளிரில் கோணுகிற வாய் என்று நான் நினைத்தேன்.

மெர்ல் முதல் வாயை விழுங்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டான்.

"என் ஓட்டு ஆர்லோவுக்கு. இதுல பேச ஒண்ணுமே இல்ல."

"பேச ஒண்ணுமில்லன்னு ஆரம்பிச்சா நீ சாயங்காலம் வரைக்கும் பேசுவ" என்றான் கஸ்.

ஆர்லோ பாஸ்கம் எங்கள் ஊர் அணியின் மேனேஜர். அணியின் பெயர் கெளுத்திகள். எங்கள் லீக்கில் ஒவ்வொரு அணியும் ஏதாவது ஒரு பெரிய நகரத்து அணிக்கு நாற்றங்கால். இங்கே ஒரு பையன் கொஞ்சம் தலை நிமிர்ந்தால் மேலேயிருந்து போன் வரும், பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கோடையில் கெளுத்திகளை மேலே உள்ளவர்கள் பிடுங்கின பிடுங்கலில் ஜூலைக்குள் பாதி அணி காலி. வந்து சேர்ந்தவர்களோ நேற்றுவரை பள்ளிக்கூடத்தில் ஆடியவர்கள். அப்படியிருந்தும் சீசனின் கடைசி நாளன்று கெளுத்திகளும் வில்லோ பாயிண்ட் நாரைகளும் சமநிலையில் நின்றார்கள். கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். யார் ஜெயித்தாலும் அவர்களுக்குக் கோப்பை. ஒரே ஒரு ரன்னில் நாரை கெளுத்தியைத் தின்றுவிட்டது.

"கடைசி இடத்துக்கு வரவேண்டிய டீமுப்பா!" என்று மெர்ல் கையை விரித்தான். "அதை இழுத்துக்கிட்டு ரெண்டாவது இடத்துக்கு வந்தான். அதுக்குப் பேரு மேனேஜரு."

"கடைசியா வருவாங்கன்னு எழுதினது யாரு? நானு" என்றான் கஸ். "மார்ச்சு மாசம் ஜோசியம் சொன்னேன், பொய்யாப் போச்சு. என் ஜோசியம் பொய்ச்சா அவனுக்கு எதுக்குய்யா விருது? இந்தப் பலகை வருஷா வருஷம் பத்திரிகைக்காரன் கட்டுற அபராதம் மாதிரி ஆயிடுச்சு. ஜெயிச்சவன் நாரைங்களோட மேனேஜர் டேல் விட்மர். ஜெயிச்சவனுக்குக் குடு. எங்கப்பன் மீன் கடை வெச்சிருந்தாரு. மீன் வித்தவனுக்குத்தான் கூலி குடுப்பாரு, விக்காம அழகா தூக்கிக் காட்டினவனுக்கு இல்ல."

"விட்மரா? அவன்கிட்ட இருந்த பசங்களை வெச்சு என் மாமியாரே ஜெயிச்சிருப்பா."

"உன் மாமியாரை எனக்குத் தெரியும். கண்டிப்பா ஜெயிச்சிருப்பாங்க. அந்தம்மாவுக்குக் குடுக்கறதா இருந்தா என் ஓட்டும் உண்டு."

லோர்னா சாண்ட்விச்சிலிருந்து வெள்ளரி ஊறுகாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். மெர்ல் அவள் பக்கம் திரும்பி, குரலைக் குழைத்தான்.

"லோர்னா, நீ தப்பா எடுத்துக்காத. இந்த வருஷம் மட்டும் நீ ஒதுங்கிக்கறது நல்லது. நியாயத்துக்குச் சொல்றேன்."

ஏன் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. ஆர்லோ பாஸ்கம் லோர்னாவின் முன்னாள் கணவன். அவர்கள் பிரிந்து பல வருஷம் ஆகிறது. பிரிந்தபிறகு அவன் ஊர் ஊராகப் போய் அணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் விதி அவனைச் சுற்றிக் கொண்டுவந்து அவள் ஸ்கோர் எழுதுகிற மைதானத்திலேயே விட்டது. அவன் பையன் ஒருத்தன் பந்தைக் கோட்டை விட்டால் ஆர்லோ மெதுவாகத் தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்ப்பான். அவள் 'தவறு' என்று விளக்கைப் போடுவாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான். வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று பார்வையாளர்கள் பேசிக்கொள்வார்கள்.

"நான் எதுக்கு ஒதுங்கணும்?" என்றாள் லோர்னா. "எரிச்சல் மூட்டின ஆளுக்கெல்லாம் ஓட்டுப் போடக்கூடாதுன்னா இந்த லீக்ல நான் யாருக்குமே போட முடியாது. உன்னை எதுக்காவது தேர்ந்தெடுக்கணும்னாகூட ஒதுங்க வேண்டியதுதான் மெர்ல்."

"சரி, அப்ப சொல்லு. ஆர்லோவுக்கு என்ன கொறச்சல்?"

"அவனால யாரையும் 'போ'ன்னு சொல்ல முடியாது."

"அது ஒரு குத்தமா?"

"வீட்டுல இருந்தா நல்ல குணம். மேனேஜருக்கு அது குத்தம்." லோர்னா கடைசி ஊறுகாயை எடுத்து வைத்தாள். "பக்கத்து வீட்டு நாய் ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்துச்சு. போன்னு சொல்ல மனசில்ல இவனுக்கு. அது சாகற வரைக்கும் எங்க சோபாவுலதான் படுத்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க அதைப் பாக்க எங்க வீட்டுக்கு வருவாங்க. அப்புறம் இவன் சித்தப்பா மகன் வந்தான். வேலை கிடைக்கற வரைக்கும்னு சொன்னான். அவனுக்கும் சோபாவுக்கும் நாய்க்கும் நடந்த சண்டையில நான் சமையக்கட்டுல தூங்கியிருக்கேன். யாரையும் அவன் போகச் சொல்லல. என்னையும்தான். நானாத்தான் போனேன்."

மெர்ல் காப்பியைக் கலக்கினான்.

"அந்தக் கடைசி ஆட்டத்தை எடுத்துக்கோ" என்று அவளே தொடர்ந்தாள். "ஒன்பதாவது இன்னிங்ஸ், அதான் கடைசி. நாம ஒரு ரன் முன்னாடி. பந்து வீசற எலிசியோவுக்குக் கை ஓஞ்சு போச்சு, பின்வரிசையில பாப்கார்ன் விக்கறவனுக்கே தெரியுது. நாரைங்க ரெண்டு பேர் பாதி வழி ஓடி நிக்கறாங்க, ஒருத்தன்கூட அவுட் ஆகல. ஆர்லோ நடந்து, பந்து வீசற மேட்டுக்குப் போறான். என்ன பண்ணணும்? பந்தை வாங்கிட்டுப் பையனை அனுப்பணும். இவன் என்ன பண்ணினான்? ஏதோ பேசிட்டு, திரும்பி வந்துட்டான். அடுத்த அடியில ரெண்டு பேரும் ஓடி வந்தாங்க. முடிஞ்சது கதை."

"முடியலம்மா, அங்கதான் ஆரம்பிச்சுது!" மெர்ல் எழுந்தே விட்டான். ஒலிவாங்கி இல்லாத குறைக்குக் கரண்டியைப் பிடித்துக்கொண்டான். "என் கண்ணால பாத்தேன். ஆர்லோ கையை மேல தூக்கினான், வானத்தைப் பாத்து. அந்தக் கை அப்படியே ஒரு நொடி நின்னுது. அப்புறம் இறங்கி, தொப்பியைத் தொட்டுச்சு. 'ஆண்டவனே, இந்தப் பையனை நான் நம்பறேன், நீயும் நம்பு'ன்னு சொன்ன மாதிரி. திரும்பிப் பாக்காம வந்தான். அடி விழுந்துச்சு, ஒத்துக்கறேன். அதுக்கப்புறம்? எலிசியோ அடுத்த மூணு பேரையும் ஊதித் தள்ளினான். நம்பிக்கைய்யா! அந்த ஞாயித்துக்கிழமை போதகரு அதை வெச்சுத்தான் பிரசங்கமே பண்ணினாரு. அந்தப் பையன் அன்னிக்கு அஞ்சாவது இன்னிங்ஸ்ல மூணு பேரை வரிசையா..."

"ஆறாவது, மெர்ல்" என்றது ஒரு குரல். "அஞ்சாவது இல்ல."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாலு பேரில் யாரும் பேசவில்லை. குரல் மேஜைக்கடியிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தோம். தரையில் ஹீட்டர் காற்று வருகிற இரும்பு வலை. அதற்குள்ளிருந்து யாரோ தும்மினார்கள்.

லோர்னாவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. பல வருஷம் கேட்ட தும்மல் அது.

சின்ன லீக் மேனேஜருக்குக் குளிர்காலத்தில் வேறு பிழைப்பு வேண்டும். ஆர்லோ ஹீட்டர் பழுது பார்ப்பான். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், யாருக்கும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தான். நெற்றியிலிருந்து தாடைவரை கரி. கையில் ஒரு பெரிய ஸ்பேனர். அவனுக்குப் பின்னால் பெர்னடீன், வாயை மேல்துணியால் பொத்திக்கொண்டு.

"எவ்வளவு நேரமா அங்க இருக்க?" என்று கேட்டான் கஸ்.

"நீ மீன் கடை பத்திச் சொன்னதுலேர்ந்து. நாய் பத்தின பகுதியும் கேட்டுது." லோர்னாவைப் பார்த்தான். "அந்த நாய் உன்கிட்டதான் அதிகமாப் படுத்துச்சு, லோர்னா."

"அதுக்குக் குளிருச்சு" என்றாள் அவள்.

இந்த மாதிரி நேரத்தில் கண்ணியமான மனுஷன் என்ன சொல்வான்? எனக்கெதுக்கு விருது, உழைத்தது பசங்கள், நான் போய்வருகிறேன் என்பான். நான்கூட, சரி, இதைக் கேட்டுவிட்டுப் பேரைத் தள்ளிவைக்கலாம் என்று தயாரானேன். ஆர்லோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கு வேணும்" என்றான்.

"என்ன வேணும்? காப்பியா?"

"விருது. எனக்கு ஆசையா இருக்கு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட வாங்கினதில்ல. மெர்ல் எனக்காகப் பேசறேன்னு கெடுத்துக்கிட்டு இருக்கான். நானே பேசிக்கறேன்."

விதிமுறையில் இதற்கு இடமுண்டா என்று மூவரும் என்னைப் பார்த்தார்கள். விதிமுறை என்று ஒன்று இருந்தால்தானே. "பேசட்டும்" என்றேன்.

பேசினான். அதைப்போல மோசமான வக்காலத்தை நான் கேட்டதில்லை. தினமும் எல்லாருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்தேன் என்றான். புல்லுக்கு நானே தண்ணீர் விட்டேன் என்றான். பஸ்ஸில் யாருக்கும் வாந்தி வராமல் பார்த்துக்கொண்டேன் என்றான். கஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஐயோ, நிறுத்து" என்றாள் லோர்னா. "புல்லாம், வாந்தியாம். காலின்ஸ் பையனைப் பத்திச் சொல்லேன்."

"அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா?" அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "ஏப்ரல்ல முகத்துல பந்து பட்டு, தாடை ஒடைஞ்ச பையன். திரும்பி வந்தப்ப பந்து வந்தாலே கண்ணை மூடிக்கிட்டான். வேற யாரா இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இவன் தினமும் காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி அவனை நிக்க வெச்சு, டென்னிஸ் பந்தைத் தூக்கிப் போடுவான். மெதுவா. அப்புறம் கொஞ்சம் வேகமா. அப்புறம் இன்னும் வேகமா. ரெண்டு மாசம். நான் முன்கூட்டியே வந்து மேல உக்காந்திருப்பேன், எனக்குத் தெரியும். ஆகஸ்ட்ல அந்தப் பையன் இந்த லீக்லேயே நல்லா அடிக்கற ஆளு. உடனே மேல கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. போற அன்னிக்கு இவன் அவனோட மட்டைகளைத் தோள்ல சுமந்துக்கிட்டு பஸ் வரைக்கும் போனான். தன்னோட டீமை ஒடைச்சுக் குடுத்துட்டு சிரிச்சுக்கிட்டே வந்தான்."

சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. சட்டென்று காப்பிக் கோப்பையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"எழுதிக்கோ ஹார்லன்!" என்று கத்தினான் மெர்ல். "எதிர்க்கட்சி வக்கீலே நம்ம பக்கம் வந்தாச்சு!"

"நீ ஏன் அவ்வளவு சீக்கிரமா வந்து மேல உக்காந்திருந்த?" என்று ஆர்லோ மெதுவாகக் கேட்டான்.

"பென்சில் சீவ" என்றாள் லோர்னா.

கஸ் மட்டும் இளகவில்லை. மேஜையைத் தட்டினான். "எல்லாம் சரிப்பா. டென்னிஸ் பந்து, மட்டை தூக்கினது, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைசி ஆட்டத்துக்கு பதில் சொல்லு. ஏன் எலிசியோவை மாத்தல? மெர்ல் நம்பிக்கைங்கறான். லோர்னா இளகின மனசுங்கறா. நான் முட்டாள்தனம்னு எழுதினேன். எது?"

ஆர்லோ ஸ்பேனரை மேஜைமேல் வைத்தான். அதை நேராக்கினான். மறுபடியும் நேராக்கினான்.

"இதைப் பத்திரிகையில போடக்கூடாது கஸ். வானொலியிலயும் கூடாது."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னான். நான் இப்போது சொல்வது, எலிசியோவின் கல்யாணத்தில் ஆர்லோவே அவனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதால். இப்போது எலிசியோவே இதை எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறான்.

"அவனை மாத்தத்தான் போனேன்" என்றான் ஆர்லோ. "மேட்டுக்குப் போய், கை எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லா இருக்குன்னான். பொய். சரி, போதும்பா, டட்டில் பாத்துக்கட்டும்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டு, இடது மூலையில மாத்து ஆளுங்க உக்கார்ற பக்கம் கையைத் தூக்கினேன், டட்டிலைக் கூப்பிட."

"சரி?"

"டட்டில் இல்ல."

"எங்க போனான்?"

"மேல போயிட்டான். அன்னிக்குக் காலையில மேலேர்ந்து கூப்பிட்டாங்க. நானே வண்டியில கொண்டுபோய் ஏத்திவிட்டேன். பொட்டலத்துல ரெண்டு சாண்ட்விச்சும் குடுத்தேன். சுத்தமா மறந்துட்டேன்."



"மத்தவங்க?" என்றான் கஸ்.

"மத்தவங்களை நான் தயாராகச் சொல்லவே இல்ல. டட்டில் இருக்கான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே. கையைத் தூக்கியாச்சு. அந்த மூலையில காலி பெஞ்சு. ஊரே பாக்குது. தூக்கின கையை என்ன பண்றது? அப்படியே கொண்டுவந்து தொப்பியைத் தொட்டேன். எலிசியோகிட்ட 'உன்னால முடியும்'னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்னத்தைச் சொல்ல?"

முதலில் சிரித்தது லோர்னா. சிரிப்பு என்று சொல்ல முடியாது. விக்கல் மாதிரி ஆரம்பித்து, மேஜைமேல் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வழிய அவள் ஆடியதில் ஊறுகாய்த் தட்டு தரையில் விழுந்தது. கஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மெர்ல் மட்டும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான், இடி விழுந்தவன் போல.

"நான் அழுதேன்டா" என்றான். "நேரலையில அழுதேன். கேட்டவங்க அழுதாங்க. போதகரு..."

"எனக்கும் தெரியும். நான் அந்தப் பிரசங்கத்துக்குப் போயிருந்தேன்" என்றான் ஆர்லோ. "முன்வரிசையில உக்கார வெச்சுட்டாங்க. இதுல பெரிய கஷ்டம் எலிசியோதான். குளிர்கால லீக்ல ஆடப் போன இடத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை தவறாமப் போன் பண்றான். 'அன்னிக்கு நீங்க என்னை நம்பினீங்க, அதை நினைச்சுத்தான் வீசறேன்'ங்கறான். நல்லாவும் வீசறான். அவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

கொஞ்ச நேரம் கழித்து லோர்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி. ஓட்டுக்கு வருவோம். ஆர்லோ, ஒரு கேள்வி. நேர்மையாச் சொல்லு. விட்மர் எப்படி?"

"எனக்கு ஓட்டுக் கேக்க வந்திருக்கேன். அவனைப் பத்தி நான் ஏன் பேசணும்?"

"கேட்டதுக்குச் சொல்லு."

ஆர்லோ கரி படிந்த கையால் கன்னத்தைச் சொறிந்தான். கன்னத்தில் இன்னொரு கோடு விழுந்தது. "எல்லாரும் அவனை அதிர்ஷ்டக்காரன்ங்கறீங்க. நல்ல பசங்க, ஒருத்தனையும் மேல தூக்கல, அதனால ஜெயிச்சான்னு. அந்தப் பசங்களை யோசிச்சுப் பாருங்க. மேல போறதுக்குத்தானே இங்க வர்றாங்க. நல்லா ஆடறாங்க, போன் வரல. இன்னும் நல்லா ஆடறாங்க, அப்பவும் வரல. நம்ம பசங்க ஒவ்வொருத்தனா மேல போறதை எதிர்ப்பக்கம் நின்னு பாக்கறாங்க. ஜூன் மாசம் அவங்க முகத்தைப் பாத்தேன், ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கல. என்கிட்ட இருந்தது நம்பிக்கையோட வந்த பசங்க. அவன்கிட்ட இருந்தது ஏமாந்துபோன பசங்க. ஏமாந்தவனைத் தினமும் எழுப்பி ஆடவைக்கறது இருக்கே... நானா இருந்தா அதுல ரெண்டு பேரை ஆத்துல தள்ளியிருப்பேன்."

"இதை ஏன்யா யாரும் முன்னாடியே சொல்லல?" என்று மெர்ல் முனகினான்.

"உனக்கு மாமியார் ஞாபகம்" என்றான் கஸ்.

ஓட்டு எடுத்தோம். மெர்ல் ஆர்லோவுக்கு, சொன்ன சொல் மாறமாட்டேன் என்று பிடிவாதம். கஸ் விட்மருக்கு. லோர்னா ஆர்லோவை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"விட்மர்."

ஆர்லோவுக்கு முகம் வாடியது. மறைக்கவில்லை. "டட்டிலாலயா?"

"டட்டிலால இல்ல. நீ சொன்னதால. எனக்கு இனிமே அந்தப் பசங்களோட முகம்தான் ஞாபகம் வருது. நீயே இவ்வளவு நல்லாப் பேசினா நான் என்ன பண்றது?"

"புல்லோட நிறுத்தியிருக்கணும்" என்றான் ஆர்லோ. எழுந்து போகவில்லை. பெர்னடீன் ஒரு துண்டு ஆப்பிள் பை கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சாப்பிட்டான்.

நான் விட்மருக்குப் போன் போட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி மேஜைமேல் வைத்தேன். அவர் குளிர்காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பள்ளி விடுவதற்காக வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்.

"யாரு, நானா?" என்றார் விஷயத்தைச் சொன்னதும். "இல்லப்பா, ஆர்லோவுக்குத்தான் இருக்கும். மறுபடி பாரு."

"பாத்தாச்சு. ரெண்டுக்கு ஒண்ணு."

  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "என் சம்சாரம் நம்பமாட்டா" என்றார். "அந்த ஒண்ணு யாரு?"

"நான்தான்!" என்று கத்தினான் மெர்ல்.

"நல்லவேளை மெர்ல். நீ எனக்குப் போட்டிருந்தா நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு பயந்திருப்பேன்." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஹார்லன், ஆர்லோவைப் பாத்தா ஒண்ணு சொல்லு. அந்தக் கடைசி ஆட்டத்துல அவன் கையைத் தூக்கித் தொப்பியைத் தொட்டான் பாரு. நான் எதிர்ப்பக்கம் நின்னு பாத்தேன். எனக்கு அந்த தைரியம் வராது. நானா இருந்தா பையனை மாத்தியிருப்பேன். என் பசங்ககிட்டக்கூடச் சொன்னேன், அதுதான்டா மேனேஜருன்னு."

நாங்கள் எல்லாரும் ஆர்லோவைப் பார்த்தோம். வாய் நிறைய ஆப்பிள் பை. மென்று விழுங்கினான். சும்மா இருந்திருக்கலாம். போனைத் தன் பக்கம் இழுத்தான்.

"டேல், நான்தான் ஆர்லோ. நான் மறந்துட்டேன்டா." டட்டில் கதை முழுவதையும், சாண்ட்விச் பொட்டலம் உட்பட, சொன்னான். எலிசியோவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றான்.

விட்மர் சிரித்த சிரிப்பில் போன் மேஜைமேல் அதிர்ந்தது. அடங்கியதும் சொன்னார்: "அப்ப நானும் சொல்லிடறேன். அந்தப் பையன் அடிச்ச அடி இருக்கே, ரெண்டு ரன் குடுத்த அடி, நான் அடிக்கச் சொல்லவே இல்ல. மட்டையை நீட்டிச் சும்மா தட்டிவிடுன்னு சைகை காட்டினேன். காட்டி முடிக்கறப்ப காதுல ஒரு கொசு கடிச்சுது. உங்க ஊர் ஆத்துக் கொசு, சிட்டுக்குருவி மாதிரி இருக்கும். பட்டுனு அறைஞ்சேன். எங்க சைகையில காதைத் தொட்டா, முன்னாடி சொன்னது ரத்துன்னு அர்த்தம். பையன் ரத்துன்னு நினைச்சு ஓங்கி அடிச்சுட்டான். ஊரெல்லாம் என்னைத் துணிச்சல்காரன்னு பேசிக்குது. நான் காதைத் தேய்ச்சுக்கிட்டு நின்னேன்."

கஸ் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். "இவ்வளவு நேரம் கொசுவுக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கேன்."

மெர்ல் மறு ஓட்டு வேண்டும் என்றான். ஜெயித்தவரிடம் சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றேன். பள்ளிக்கூட மணி அடிக்கிற சத்தம் கேட்டது. குழந்தைகள் ஏறுகிறார்கள் என்று சொல்லி விட்மர் வைத்துவிட்டார்.

ஜனவரியில் விருது விருந்து நடந்தது. லீக்கின் எட்டு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். விட்மர் தன் மனைவியோடு, சற்றே இறுக்கமான கோட்டில் வந்தார். மெர்ல்தான் அறிமுக உரை. அந்தத் துணிச்சலான அடியைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. உண்மை தெரிந்தபிறகும் அவனுக்கு எப்படி அது வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

பலகையை வாங்கிக்கொண்டு விட்மர் ஒலிவாங்கி முன்னால் நின்றார். நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கொசுக் கதையை, காதை அறைந்தது முதற்கொண்டு, நடித்தே காட்டினார். எட்டு ஊரும் சிரித்து ஓய்ந்தது. "என் பங்கு இவ்வளவுதான்" என்றார். "மிச்சமெல்லாம் என் பசங்க. மேலேர்ந்து யாரும் கூப்பிடாதபோதும் தினமும் ஷூ கயித்தைக் கட்டிக்கிட்டு வந்தாங்க." ஒவ்வொரு பையன் பெயரையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. பிறகு, அந்த ஆட்டத்தில் எதிர் மேனேஜர் தன் பந்துவீச்சாளரை நம்பி நிறுத்தினதைத் தான் மறக்கவே மாட்டேன் என்று, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொல்லி, கையைத் தூக்கித் தன் நெற்றியைத் தொட்டார்.

கூட்டம் எழுந்து கைதட்டியது. கடைசி மேஜையில் ஆர்லோ தலையைக் குனிந்துகொண்டிருந்தான், காது சிவந்து. பக்கத்து நாற்காலியில் லோர்னா. அவளுக்கு என் மேஜையில்தான் இடம் போட்டிருந்தேன், எப்போது மாறி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.